தலைமுற்றம்: அவிஞ்ஞோனில் நடப்பது வழக்கல்ல, நாடகம்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது அவிஞ்ஞோன். அங்கே போப்பாண்டவர் அரண்மனைக்குள் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நாடகம் நடக்கும் இடத்துக்கு 'கூர் தொன்னேர்' என்று பெயர். தமிழில் அதை 'கௌரவ நீதிமன்றம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒருமுறை, இருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் ஒரு கட்டுரையில் மறுபடியும் படித்தேன்: "1947இல் கௌரவ நீதிமன்றத்தில் இரண்டாம் ரிச்சர்ட் நாடகம் அரங்கேறியது." அதை என்னிடம் காட்டிய மாணவி, "அரசன் மேல் என்ன வழக்கு, ஐயா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முடியிழக்கும் அரசனின் கதை அது. நீதிமன்றம் என்று படித்தால் விசாரணை நடந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

'கூர்' என்றால் இங்கே முற்றம். இலத்தீனில் 'கொஹோர்ஸ்' என்பது அடைப்புக்குள் இருக்கும் வெளி, தொழுவம். அது தேய்ந்து கூர் ஆனது. அரசனின் முற்றம் அரசவைக்குப் பெயராகி, அவையில் நீதி வழங்கியதால் நீதிமன்றத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தின் கோர்ட்டும் இதே சொல்தான். டென்னிஸ் கோர்ட்டை 'டென்னிஸ் நீதிமன்றம்' என்று எவரும் எழுதுவதில்லை. அரண்மனை என்று வந்தால் மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்? 'தொன்னேர்' என்பதற்குச் சொல்லளவில் மதிப்பு, பெருமை என்று பொருள். கட்டடக்கலையில் அது முதன்மையைக் குறிக்கும். விருந்தினரை எதிர்கொள்ளும் பெரிய முற்றம், பெரிய படிக்கட்டு இவற்றுக்கெல்லாம் அந்த அடைமொழி உண்டு. வெர்சாய் அரண்மனையிலும் ஒரு கூர் தொன்னேர் இருக்கிறது.

நீதிமன்றம் கவனக்குறைவால் வந்த பிழை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது 'மாண்பு மன்றம்'. தூய தமிழ் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சொல் அது. அதற்குச் சொல்லும் காரணமும் அழகானதுதான். ஊர் நடுவே, மரத்தடியில், பலரும் கூடும் பொதுவெளிக்கே பழந்தமிழில் மன்றம் என்று பெயர். இடத்தின் பெயர் கூட்டத்துக்கு ஆகி, பிறகு நீதி சொல்லும் அவைக்கும் ஆனது. கூர் நடந்த அதே வழியில் மன்றமும் நடந்திருக்கிறது. ஆகவே கூர் என்பதற்கு மன்றமே நேர்ச்சொல் என்கிறார்கள். கேட்கும்போது எனக்கும் மனம் சற்று இளகியது.

ஆனால் இரண்டு சொற்கள் ஒரே வழியில் நடந்ததால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது. இன்றைய வாசகருக்கு மன்றம் என்றால் உயர் நீதிமன்றம், பட்டிமன்றம், ரசிகர் மன்றம். மரத்தடி வெளியை நினைப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அப்படி நினைத்தாலும் பொருந்தாது. பழைய மன்றம் சுவரில்லாத வெளி. அவிஞ்ஞோன் முற்றமோ போப்பாண்டவர் பன்னிரண்டாம் பெனடிக்ட் கட்டிய பழைய அரண்மனைக்கும் அவருக்குப் பின் வந்த ஆறாம் கிளமென்ட் கட்டிய புதிய அரண்மனைக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. அந்த உயர்ந்த கற்சுவர்கள்தான் அந்த இடத்தின் உயிர். நாடகம் தொடங்குமுன் மொரீஸ் ழார் இசையமைத்த எக்காள ஒலி எழுந்ததும் இரண்டாயிரம் பேர் அடங்கிப்போகிறார்கள். மிஸ்த்ரால் என்னும் கடும் வடகாற்று வீசும் இரவுகளில் நடிகர் தம் குரலால் அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சுவரை மறைக்கும் சொல் அந்த இடத்தையே மறைத்துவிடுகிறது. 'மாண்பு' என்பதும் மனிதருக்கு உரியது. வாயிலுக்கும் முற்றத்துக்கும் நாம் அதைச் சொல்வதில்லை.

'திறந்தவெளி அரங்கம்' என்று எழுதுவோரும் உண்டு. பொய்யில்லை. ஆனால் மேடையும் இருக்கைகளும் விழாவுக்காகப் போடப்படுபவை. இயக்குநர் ழான் விலார் 1947 செப்டம்பரில் நாடகம் போட வந்தபோது அவருக்குக் கிடைத்தது அரங்கம் அல்ல, ஒரு முற்றம். அரங்கம் என்று பெயர் வைத்தால் அவர் செய்த காரியமே கண்ணில் படாமல் போய்விடும்.

நான் எழுதுவது 'தலைமுற்றம்'. தலைவாசல் என்று சொல்லும்போது பல வாசல்களில் முதன்மையானது என்பதும், வருவோரை வரவேற்பது என்பதும் ஒருசேரப் புரிகிறது அல்லவா? அதே 'தலை' இங்கே தொன்னேருக்கு நிற்கிறது. முன்றில் என்று வைக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். இல்லின் முன் என்பது முன்றில். இந்த முற்றம் வாயிலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. முற்றம் என்ற சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. வீட்டின் முன்னால் இருப்பதும் முற்றம், நடுவீட்டில் வானம் பார்த்திருப்பதும் முற்றம்.

அவிஞ்ஞோனின் மற்ற இடங்களுக்கும் இதே கதிதான். இயக்குநர் பீட்டர் புரூக் 1985இல் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக நிகழ்த்தியது நகருக்கு வெளியே, 'கரியேர் த புல்போன்' என்ற கல்குவாரியில். மல்லிகா சாராபாய் திரௌபதியாக நின்ற இடம் அது. பிரெஞ்சில் 'கரியேர்' என்றால் கல்குவாரியும் ஆகும், ஒருவரின் தொழில்வாழ்க்கையும் ஆகும். எந்தப் பொருள் என்று அகராதியில் அடுத்த வரியைப் பார்க்க நம்மவர்களுக்குப் பொறுமை இல்லை. கார்மேல் துறவியர் மடத்தின் 'குளுவாத்ர்' ஆங்கிலம் வழியே வந்து 'கிளாய்ஸ்டர்' என்றே நின்றுவிடுகிறது. நடுவே வெளி, நாற்புறமும் கூரை வேய்ந்த தூண் வரிசை. தஞ்சைப் பெரிய கோயிலில் இத்தகைய கட்டடத்துக்குத் திருச்சுற்று மாளிகை என்று பெயர். முன்னால் இருக்கும் 'திரு'வை மட்டும் எடுத்துவிட்டுச் சுற்றுமாளிகை என்று எழுதுங்கள்.