அட்ஜங்க்ட் என்றால் வினையடையா, வெறும் அடையா?

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வரை படித்தவர்களுக்கு அட்ஜங்க்ட் புதுச் சொல் இல்லை. இங்கிலீஷ் பாடத்தில் சென்டென்ஸ் பேட்டர்ன் என்று ஒரு கேள்வி வருமே, எஸ், வி, ஓ, சி, ஏ என்று வாக்கியத்தின் தலையில் எழுத்துகளை ஏற்றி வைப்போமே, அதில் கடைசியாக வரும் ஏ தான் இது. எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று கேட்டால் பதிலாக எது வருகிறதோ அதற்கு ஏ போடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். போட்டோம், மார்க்கும் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

மூலம் லத்தீன். 'அட்' என்றால் ஒன்றை நோக்கி, 'யுங்கெரே' என்றால் சேர்ப்பது, நுகத்தில் பூட்டுவது. இரண்டும் சேர்ந்தால் 'கூடக் கொண்டுவந்து பூட்டப்பட்டது'. ரயில் ஜங்ஷன், இலக்கணத்தில் வரும் கன்ஜங்ஷன், மாட்டுக்குப் பூட்டும் நுகத்தைக் குறிக்கும் யோக், சமஸ்கிருத யோகம் எல்லாம் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள். அமெரிக்கக் கல்லூரிகளில் அட்ஜங்க்ட் ப்ரொஃபசர் என்று ஒரு பதவி உண்டு, நம்மூர் கௌரவ விரிவுரையாளர் மாதிரி. சேர்த்துக்கொள்வார்கள், வேண்டாமென்றால் கழற்றிவிடுவார்கள். இலக்கணத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

'ஷி ரெட் த லெட்டர் இன் த கிச்சன்' என்ற வாக்கியத்தில் 'இன் த கிச்சன்' என்பதை எடுத்துவிடுங்கள். எங்கே படித்தாள் என்ற தகவல் போகும், ஆனால் வாக்கியம் நிற்கும். இதுதான் அட்ஜங்க்ட். இப்போது 'ஷி புட் த லெட்டர் இன் த டிராயர்' என்பதில் 'இன் த டிராயர்' என்பதை எடுத்துப் பாருங்கள். 'ஷி புட் த லெட்டர்' என்று நொண்டும். புட் என்ற வினை எதை, எங்கே என்ற இரண்டையும் கேட்டு வாங்காமல் விடாது. அது கேட்டு வாங்குவதற்குப் பெயர் காம்ப்ளிமென்ட், தமிழில் நிரப்பி என்கிறார்கள். கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்வதுதான் அட்ஜங்க்ட்.

பள்ளிக்கூடக் குழப்பம் தொடங்குவதே இங்கேதான். 'ஹி லிவ்ஸ் இன் சேலம்' என்பதற்கு எஸ்-வி-ஏ என்று எழுதினோம், ஏ என்றால் அட்ஜங்க்ட் என்றும் மனப்பாடம் செய்தோம். ஆனால் 'இன் சேலம்' என்பதை எடுத்தால் 'அவன் உயிரோடு இருக்கிறான்' என்கிற மாதிரி வேறொன்றாகிவிடுகிறது! ராண்டால்ஃப் க்விர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் ஏழு வாக்கிய அமைப்புகள் உண்டு, அவற்றில் வரும் ஏ அட்வெர்பியல், அதாவது எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்பவற்றைச் சொல்லும் பகுதி. அட்ஜங்க்ட் என்பது அந்த அட்வெர்பியலுக்குள் ஒரு வகை, அவ்வளவுதான். நம் வகுப்பறையில் அட்வெர்பியல் நழுவி அந்த இடத்தில் அட்ஜங்க்ட் உட்கார்ந்துவிட்டது. மார்க்குக்குப் பாதகமில்லை, புரிதலுக்குத்தான் இடைஞ்சல்.

மொழியியல்காரர்களின் பழைய உதாரணம் ஒன்று: 'ஹி டிசைடட் ஆன் த போட்'. படகில் இருந்தபோது முடிவெடுத்தான் என்றால் 'ஆன் த போட்' அட்ஜங்க்ட். பல வாகனங்களைப் பார்த்துப் படகே போதும் என்று முடிவுசெய்தான் என்றால் அதே மூன்று சொற்கள் வினைக்கு நிரப்பி. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆகவே எங்கே, எப்போது என்று கேள்வி போட்டுப் பார்ப்பது மட்டும் போதாது, வினை அதைக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், முழு வாக்கியத்துக்கும் மேலே ஏறி உட்காரும் சொற்கள். 'ஹி டிட் நாட் டை ஹேப்பிலி' என்றால் நிம்மதியாகச் சாகவில்லை. 'ஹேப்பிலி, ஹி டிட் நாட் டை' என்றால் நல்லவேளை, சாகவில்லை. முதலாவது, செத்த விதத்தைச் சொல்கிறது. இரண்டாவது, சொல்கிறவரின் மனநிலையைச் சொல்கிறது. இந்த இரண்டாவதை க்விர்க் கூட்டணி அட்ஜங்க்ட்டிலிருந்து பிரித்து டிஸ்ஜங்க்ட் என்றது. தமிழில் இதற்கு இலக்கணமே படிக்க வேண்டாம், 'நல்லவேளை' என்ற சொல் தானாக வந்துவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இணைப்பு' என்றால் அது கன்ஜங்ஷன் பக்கம் போய்விடும். 'ஒட்டு' என்றால் முன்னொட்டு, பின்னொட்டு ஞாபகம் வரும். 'துணை' என்பதைத் துணைவினை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. பலரும் வினையடை என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வினையடை அட்வெர்ப் என்ற சொல்வகையின் பெயர், அட்ஜங்க்ட் வாக்கியத்தில் ஒரு பகுதி செய்யும் வேலையின் பெயர். 'மழை பெய்ததால்' என்ற முழுத் தொடரும் அந்த வேலையைச் செய்யும், அதை அட்வெர்ப் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

என் ஓட்டு 'அடை'க்கு. (அவியலோடு சாப்பிடும் அடை இல்லை.) அடை என்றால் சேர்வது, லத்தீன் சொன்னதும் அதைத்தான். தொல்காப்பியமே 'அடைசினை முதல்' என்று இந்தச் சொல்லைக் கையாள்கிறது, செங்கால் நாரை என்பதில் செம்மை அடை, கால் சினை (உறுப்பு), நாரை முதல் (முழுப்பொருள்). அங்கே அது பெயருக்கு வரும் அடை, வாக்கியத்துக்கும் நீட்டிக்கொண்டால் ஒன்றும் குறையாது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'வாக்கிய அடை' என்று எழுதலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எடுத்துப் பார்க்கும் சோதனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்.' யார், எதை என்ற இரண்டுமே காணோம், ஆனாலும் அவை அடைகள் அல்ல. தொழிலுக்கு வேண்டியவை என்று வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயனாக என்று எட்டை எண்ணிய தொல்காப்பியர், அடுத்த நூற்பாவிலேயே வழக்கில் 'குன்றுவ குன்றும்', அதாவது குறைபவை குறையும், என்று சொல்லிவிட்டார். குன்றியதெல்லாம் அடை என்று அவர் சொல்லவில்லை.