ஓய்வில் போன குதிகால் வலி ஓட்டத்தில் ஏன் திரும்புகிறது?

ஸ்வீடனின் வடக்கே ஊமியோ நகரில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். பொழுதுபோக்காக ஓடுகிறவர். 1990களில் அவருக்குக் குதிகாலுக்குச் சற்று மேலே தீராத வலி வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டார், கிடைக்கவில்லை. சரி, அங்கே சதையை எலும்போடு இணைக்கும் நாண் அறுந்தே போகட்டும், அப்போதாவது அறுவை சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்க அந்தக் காலுக்குப் பாரம் ஏற்றிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை. வலி குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது.

அப்புறம் அதே பயிற்சியை, இதே வலியால் நெடுநாள் அவதிப்பட்ட 15 பொழுதுபோக்கு விளையாட்டு வீரர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார். 15 பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். 1998இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வின் முடிவு, பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பலிக்கவில்லை. ஆனாலும் குதிகால் நாணுக்கு வைத்தியம் பார்க்கும் முறையையே அது புரட்டிப்போட்டது. வலிக்கும் இடத்துக்கு ஓய்வு கொடு என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன முதல் அறிவுரை. இன்றும் ஓடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அதுதான்.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைப்பது இந்த அக்கிலிஸ் நாண். உடலில் இதைவிடத் தடித்த நாண் கிடையாது. தேர் வடத்தைப் பிரித்துப் பார்த்தால் புரிக்குள் புரியாக நார் இருக்கும் அல்லவா, அதேபோல் கொலாஜன் என்ற புரத இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து உருவானது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் இது உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால், ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 5,000 முறை 400 கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பைச் சந்திக்கும். நாண் அதற்காகவே உண்டானது. பிரச்சினை, பழக்கமில்லாத அளவுக்குப் பாரம் திடீரென்று கூடும்போதுதான் வருகிறது. ஜனவரி மாரத்தானுக்குப் பதிவு செய்துவிட்டு, நவம்பரில் அவசர அவசரமாகக் கிலோமீட்டரை ஏற்றுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதல் அறிகுறி பெரும்பாலும் காலையில் தெரியும். படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து இருபது அடிகள் கட்டை போல விறைத்திருக்கும். குளியலறை போய்த் திரும்புவதற்குள் சரியாகிவிடும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணை இரு பக்கமும் பிடித்து மெதுவாகக் கீழிருந்து மேலே நகர்த்தினால், குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. உயரத்தில் ஓரிடம் சுருக்கென்று வலிக்கும். கொஞ்ச நாள் போனால் அந்த இடம் கொட்டை போலத் தடித்தும் இருக்கும். ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடல் சூடானதும் மறைந்து, மறுநாள் காலை முன்னைவிடக் கூடுதலாக வலிப்பது இதன் வழக்கம்.

இதை வெறும் அழற்சி என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். வலி முற்றிய நாணை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வழக்கமான அழற்சி செல்கள் அதிகம் இல்லை. ஒழுங்காக ஒரே திசையில் ஓட வேண்டிய இழைகள் கலைந்து கிடக்கின்றன. இடையில் நீர் தேங்கியிருக்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களும் அவற்றோடு நரம்பு இழைகளும் நுழைந்திருக்கின்றன. வலி மாத்திரை இரண்டு நாள் வலியைக் குறைக்கும், கலைந்த இழையை அடுக்காது.

ஓய்வும் அப்படித்தான். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் வலி அடங்கும், உண்மை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் கெண்டைச் சதை மெலிகிறது, நாணின் உறுதியும் தாங்குதிறனும் குறைகின்றன. வலி போய்விட்டதே என்று பழைய தூரத்தை ஓடினால், முன்னைவிடப் பலவீனமான நாண் அதே பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் வலி திரும்புகிறது. மறுபடி ஓய்வு, மறுபடி ஓட்டம். ஓட்டத்தையே விட்டுவிட்ட பலரை இந்தச் சுற்றுதான் விடவைத்தது என்று நினைக்கிறேன். காலில் ஓட முடியாத அளவுக்கு ஒன்றும் இருந்திருக்காது என்பதுதான் வருத்தம்.

நாணின் மையப் பகுதி வளர்ந்த பிறகு தன்னைப் பெரிதாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது, பிறகு ஆண்டுதோறும் இறங்கியது. எனவே ஒரு திசு எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்பதை அதிலுள்ள கார்பன்-14 காட்டிக்கொடுக்கும். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் அக்கிலிஸ் நாணை இப்படி அளந்தார்கள். மையப் பகுதி பெரும்பாலும் ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானது என்று தெரிந்தது. அதே ஆட்களின் தசை புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாண் அப்படியே இருந்தது.

அப்படியானால் பயிற்சி எதைச் சரிசெய்கிறது? கெட்டுப்போன பகுதியைச் சுற்றி நல்ல இழைகள் நிறைய இருக்கின்றன. நோயுற்ற நாண் தடித்துவிடுவதால், நல்ல இழைகளின் மொத்த அளவு பெரும்பாலும் குறைவதில்லை. அவற்றையும் கெண்டைச் சதையையும் பாரம் தாங்கப் பழக்குவதுதான் வேலை. வலி போன பிறகும் ஸ்கேனில் கெட்டுப்போன பகுதி கறுப்புத் திட்டாக அப்படியே தெரியலாம். வலியே இல்லாத ஓட்டக்காரர்களிடமும் அப்படித் திட்டுகள் உண்டு. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தை நிறுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமும் கூருணர்வு பெற்றுவிடுகிறது. சின்ன இழுப்புக்கும் பெரிதாகக் கத்துகிறது. அப்போது வலியின் அளவு, சேதத்தின் அளவைச் சொல்லாது.

பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? இதற்கும் ஸ்வீடனில்தான் நல்ல பதில் கிடைத்தது. 2007இல் கரீன் சில்பர்நாகல் குழுவினர் 38 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே பயிற்சி. ஒரு பிரிவினர் மட்டும் ஓடுவதையும் குதிப்பதையும் ஆறு வாரம் நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஒரு விதிக்கு உட்பட்டுத் தொடர்ந்தார்கள்: 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் வலி 5ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் ஏறக் கூடாது. ஓராண்டு கழித்து இரு பிரிவினரும் ஒரே அளவு தேறியிருந்தார்கள். தொடர்ந்து ஓடியவர்களுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஓடும்போது இருக்கும் வலியைவிட மறுநாள் காலை விறைப்பை நம்புங்கள் என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பயிற்சி எளிமையானது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலில் எடையை மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குவது. முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று; காலையும் மாலையும். மொத்தம் ஒரு நாளைக்கு 180. வலி குறைந்தால் முதுகுப்பையில் பாரம் ஏற்ற வேண்டும். வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் மட்டும் படியில் இறங்காமல் சமதரையில் செய்வது நல்லது. ஒரு நாளைக்கு 180 பலருக்கும் ஒத்துவராது என்பது என் எண்ணம். கவலை வேண்டாம்: வாரம் மூன்று நாள் அதிக எடையோடு மெதுவாகச் செய்யும் முறையும் அதே பலனைத் தந்ததை 2015இல் டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது. எந்த முறையானாலும் 12 வாரம் என்பது ஆரம்பம்தான்.

ஓட்டத்தையும் இடைவெளி விட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் ஒன்று, ஒன்றரை நாள் வரை நாணில் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதே அதிகம். அதன் பிறகே கட்டுமானம் முந்துகிறது. அடுத்தடுத்த நாள் வேக ஓட்டம் இதனால்தான் ஆகாது. மேட்டு ஓட்டத்தையும் வேகத்தையும் கடைசியாகத் திரும்பச் சேருங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத ஆட்களும் உண்டு. நீரிழிவும் ரத்தத்தில் அதிகக் கொழுப்பும் நாணைக் கெடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டபோது குதிகால் வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது நாணையே அறுத்துவிடக்கூடிய மருந்து. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் பட்டென்று ஒரு சத்தம் கேட்டு, குப்புறப் படுத்துக் கெண்டைச் சதையை இன்னொருவர் அழுத்தும்போது பாதம் அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.