அட்டைப் பெட்டிக்குள் மாதவியின் அரங்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் தச்சரிடம் சொல்வதுபோல் சொல்லிச் செல்கிறது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு, உயரம் ஒன்று. அரங்கின் தரைப் பலகைக்கும், மேலே இருக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் மாதிரி அரங்கு செய்ய இந்த அளவுகளே போதும்.

ஒரு கோலுக்கு 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 24 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும் கொண்ட மேடை மேசைமீதே அடங்கிவிடும். அதில் நிற்கும் பொம்மை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்கும்போதுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. விரலின் அகலம் தெரிந்தாலன்றிக் கோலின் நீளம் தெரியாது என்பதால், பிள்ளை தன் கட்டைவிரலையே அளந்து பார்க்கிறது. விரல் 1.5 செ.மீ. என்றால் நான்கு கோல் 144 செ.மீ.தான், அந்த அரங்கில் மாதவி குனிந்துகொண்டே ஆட வேண்டியிருக்கும். பெரியவர் ஒருவரின் பருத்த விரலை 2.5 செ.மீ. என்று கொண்டால் கோல் 60 செ.மீ. ஆகிறது, மாதிரி அரங்கு உண்மை அரங்கில் இருபதில் ஒரு பங்கு, 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 8 செ.மீ. பொம்மை. விகிதம் என்பது எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுப்பது என்பதைக் கரும்பலகையைவிட இந்தப் பொம்மை விரைவாகப் புரியவைக்கும்.

ஒரு சிறு பொருளை இன்னொன்றின் மாதிரியாகக் காண்பதே பிறவியில் வருவதன்று. உளவியலாளர் ஜூடி டிலோச் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரி அறையில் பொம்மை ஒளிக்கப்படுவதைப் பார்த்த மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உண்மை அறையில் அதே இடத்தில் தேடினார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளோ பெரும்பாலும் தவறினார்கள்.

திரையில் வேறொரு பாடம் இருக்கிறது. பழைய வேட்டித் துணியை வெட்டி எழினியாக, அதாவது அரங்கின் திரையாக, தொங்கவிட்டால், அது மடிந்து விழாமல் அட்டைபோல் விறைத்து நிற்கும். நீளமும் அகலமும் இருபதில் ஒரு பங்காகும்போது துணியின் எடை நானூறில் ஒரு பங்காகிவிடுகிறது; நூலின் விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மெல்லிய பட்டுத்துணி ஓரளவு கைகொடுக்கும்.

தூண்களின் நிழல் அரங்குக்கு வெளியே விழும்படி விளக்கு வைத்ததைச் சொல்லும் ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்ற அடியை டார்ச்சை வைத்தே சோதிக்கலாம். அரங்குக்கு வெளியே, முன்னால் பிடித்தால் தூண்களின் நிழல் பொம்மையின் மேல் கோடாக விழுகிறது. டார்ச்சை நெருக்கமாகக் கொண்டுபோனால் நிழல் இன்னும் அகலமாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் தூணை நகர்த்தத்தான் பார்ப்பார்கள். சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் டார்ச்சைத் தூண்களுக்கு உட்புறமாக வைத்துப் பார்க்க, நிழல்கள் அரங்கைவிட்டு மேசைமேல் போய் விழும்.