நர்ஸ் படிப்பு ஜெர்மனியில் செல்லுமா? கணவரோடு போகிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும்

என் சித்தி மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஐந்து வருஷம் இருந்தவள். கோபியில் கல்யாணம், அடுத்த மூன்றாம் மாதம் ஜெர்மனி. மாப்பிள்ளை அங்கே சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். போன முதல் ஒன்றரை வருஷம் அவள் சும்மாதான் இருந்தாள். "நம்ம ஊர் நர்சிங் இங்க செல்லாதாமாண்ணா" என்று போனில் சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டால், ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்களாம். இங்கே மாமியார் வீட்டிலும் "என்ன அவசரம், மெதுவாப் பார்த்துக்கலாம்" என்றுவிட்டார்கள். பெருந்துறை, சத்தி, காங்கயம் பக்கமெல்லாம் இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிற நர்ஸ் பெண்களை இப்போது நிறையக் கேள்விப்படுகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் படித்த படிப்பைத் தங்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்லியே ஆக வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது, 2012 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதை அவர்கள் அனெர்கென்னுங் என்கிறார்கள், நம்ம பாஷையில் அங்கீகாரம். விண்ணப்பிக்க எந்த நாட்டுக்காரர், எந்த விசா என்பதெல்லாம் கணக்கில்லை. கணவர் விசாவை ஒட்டிப் போனவரும் போடலாம், இன்னும் கோபியிலேயே இருப்பவரும் இங்கிருந்தே போடலாம். வேலை கிடைத்த பிறகுதான் போட வேண்டும் என்பதும் இல்லை. கணவரோடு சேர்ந்து வாழ வாங்கிய அனுமதியில் வேலை பார்க்கத் தடை கிடையாது, ஆனால் நர்ஸ் என்கிற பெயரில் வேலை பார்க்க இந்த அங்கீகாரம் வேண்டும். அது வருகிற வரை உதவியாளராக மட்டும் சேரலாம்.

விண்ணப்பம் போவது மத்திய அரசுக்கு அல்ல. அங்கே 16 மாநிலம், எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோமோ அந்த மாநிலத்து அலுவலகத்துக்குப் போட வேண்டும், அவரவர் கேட்கிற காகிதமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பக்கத்து மாநிலத்தில் இருக்கிற தோழியின் பட்டியலைப் பார்த்துக் காகிதம் சேர்த்தால் பாதி வீணாகும். வெளிநாட்டில் இருந்தபடி கேட்பவர்களுக்காகவே ஜெர்மனியின் பான் நகரில் 2020 முதல் ஒரு மைய ஆலோசனை அலுவலகம் நடக்கிறது. எந்த மாநிலத்து அலுவலகம், என்ன காகிதம் என்று அவர்களே சொல்வார்கள், காசு வாங்குவதில்லை.

காகிதமெல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நான்கு மாதத்தில் பதில் வரும். 'முழுதாக' என்பதுதான் இதில் வில்லங்கம், ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தொடங்காது. நம்ம ஊர் நர்ஸ்களுக்குப் பெரும்பாலும் வருகிற பதில் "பாதி சரி, இன்னின்னது குறைகிறது" என்பது. டெஃபிசிட்பெஷைட் என்று அதற்குப் பெயர். பெயரைப் பார்த்துப் பயந்து என் தங்கை ஒரு வாரம் சாப்பிடவில்லை. அது நிராகரிப்பு இல்லை. குறையை ஈடுகட்ட இரண்டு வழி இருக்கிறது, எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, மருத்துவமனையில் வேலையோடு சேர்ந்த பயிற்சி, முடிவில் ஒரு கலந்துரையாடல். இன்னொன்று கென்ட்னிஸ்ப்ரூஃபுங் என்கிற தேர்வு, வாய்மொழி ஒரு பகுதி, நோயாளியின் பக்கத்தில் நின்று செய்முறை ஒரு பகுதி. இந்த விரிவான ஒப்பீடே வேண்டாம், நேராகப் பயிற்சிக்கோ தேர்வுக்கோ போகிறேன் என்று எழுதிக் கொடுக்கவும் 2024 முதல் வழி இருக்கிறது. ஒப்பிட்டால் எப்படியும் குறை வரும் என்று தெரிந்தவர்களுக்கு இது மாதக் கணக்கில் மிச்சம்.

செய்முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறுவது அங்கேதான். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு முகம் கழுவிவிடுவது, உடம்பு துடைப்பது, வேட்டி மாற்றுவது எல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரர்களோ ஆயாவோ செய்வது. நர்ஸ் என்றால் ஊசி, ட்ரிப், சார்ட். அங்கே கூட வந்து உட்காருகிற அத்தை, சின்னம்மா யாரும் கிடையாது. காலையில் எழுப்பி, பல் துலக்கவைத்து, குளிக்கவைத்து, சாக்ஸ் மாட்டி உட்கார வைப்பது நர்ஸின் வேலை, பரீட்சையிலும் அதைப் பார்க்கிறார்கள். என் தங்கை செய்முறையில் ஒரு பாட்டிக்கு உடம்பு துடைத்துவிட்டாளாம். துண்டை எந்தப் பக்கத்தில் இருந்து விரித்தாள், ஒவ்வொன்றும் செய்வதற்கு முன்னால் அந்தப் பாட்டியிடம் சொல்லிவிட்டுச் செய்தாளா, மூடாமல் விட்ட நேரம் எவ்வளவு என்று தேர்வாளர் குறித்துக்கொண்டே இருந்தாராம். "வென்டிலேட்டர் பத்தி ஒரு வார்த்தை கேக்கலண்ணா" என்று சிரித்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

மொழி இல்லாமல் இது எதுவும் நடக்காது. நர்ஸாகப் பதிவு பெற பி2 நிலை ஜெர்மன் வேண்டும் (ஏ1ல் தொடங்கி சி2 வரை போகிற ஆறு படியில் நான்காவது), அதில் சலுகை எதிர்பார்க்காதீர்கள். கோயம்புத்தூரிலேயே ஜெர்மன் சொல்லித்தருகிற கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமான அன்றே வகுப்பில் சேருங்கள், பட்டுப்புடவை அப்புறம் எடுக்கலாம்.

கணவர் வழியாக இல்லாமல் வேலைக்கென்றே போகிறவர்களுக்கு 2024 மார்ச் முதல் அங்கீகாரக் கூட்டு என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. வேலை ஒப்பந்தமும் ஏ2 ஜெர்மனும் குறைந்தது இரண்டு வருஷப் படிப்பும் இருந்தால், அங்கே போய் இறங்கி வேலையில் சேர்ந்துகொண்டே அங்கீகார வேலையையும் முடிக்கலாம், முதலில் ஒரு வருஷம், நீட்டித்தால் மூன்று வருஷம் வரை. முதலாளி முன்வந்தால் துரித நடைமுறை என்றும் ஒன்று உண்டு, அதற்கு அங்கே கட்டணம் 411 யூரோ. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ல் இருந்து இருக்கிறது, தனியாரிடம் போவதற்கு முன்னால் அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தனியார்தான் என்றால், பதிவு பெற்ற ஏஜென்டா என்று பாருங்கள், பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது. மூன்று லட்சம், நாலு லட்சம் என்று கேட்பவர்களுக்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

டாக்டர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் எல்லோருக்கும் இதே மாதிரி அங்கீகாரம் உண்டு, தேர்வுகள் மட்டும் வேறு. டாக்டர்களுக்கு மருத்துவ ஜெர்மனில் சி1 அளவில் தனிப் பரீட்சையே இருக்கிறது.

அங்கீகாரக் கட்டணம் மாநிலத்தைப் பொறுத்து 100 முதல் 600 யூரோவுக்குள் வரும், மொழிபெயர்ப்புச் செலவு தனி. அங்கேயே வசிப்பவர்கள் அந்த ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவி கேட்கலாம், சில நேரம் அவர்களே செலவை ஏற்பார்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். எங்களிடம் ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் எல்லாச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்பதற்காகப் போடுகிற சர்வதேச ஒப்பந்த முத்திரை) வேண்டும் என்று கணிசமாக வாங்கிக்கொண்டார். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 2005ல் சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று, அதனால் அந்த முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாநில அலுவலகம் எழுத்தில் கேட்டால் மட்டும் செலவு செய்யுங்கள்.

இனி காகிதம். பட்டச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பிரிவில் என்று விவரமான டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். ஒப்பீடு நடப்பதே இந்த மணிக்கணக்கை வைத்துத்தான். முதியோர் பராமரிப்பு, மனநலம், வீட்டுக்குப் போய்ச் செய்த சமுதாயப் பணி இதெல்லாம் தனித்தனியாக வர வேண்டும். கிண்டி எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் அங்கேயும் படித்த கல்லூரியிலும் கேட்க வேண்டும், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று சென்னை சாந்தோம் நெடுஞ்சாலை அலுவலகத்தில். வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அனுபவச் சான்று வாங்கும்போது 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று ஒரே வரியில் முடிக்கவிடாதீர்கள், எந்த வார்டு, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அது சில குறைகளை அடைத்துவிடும். போலீஸ் சான்று பழையதானால் ஏற்க மாட்டார்கள், கடைசியில் எடுத்தால் போதும். இது எல்லாமே ஊரில் இருக்கும்போது பஸ் ஏறினால் முடிகிற வேலை. ஃப்ராங்க்பர்ட்டில் உட்கார்ந்துகொண்டு கல்லூரி கிளார்க்குக்கு போன் போட்டால் "நேர்ல வரச்சொல்லுங்க" என்பார்.

என் தங்கைக்கு மணிக்கணக்கு கேட்டுக் கடிதம் வந்தபோது, அவளுடைய பழைய கிளினிக்கல் ரெக்கார்டு நோட்டுகளையும் லாக் புக்கையும் தேடி நான் நம்பியூர் போனேன். அதில் எந்த வார்டில் எத்தனை நாள் என்று கையெழுத்தோடு இருக்கும், அதை வைத்துக் கல்லூரியில் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று நினைத்தோம். சித்தி பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது எடைக்குப் போட்டிருந்தார். அப்புறம் கல்லூரிக்கு நான்கு நடை நடந்து அந்தத் தாளை வாங்கி அனுப்ப ஏழு மாதம் ஆகிவிட்டது.