பென்டிரைவை ஏற்கவில்லை என்று லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததிலிருந்து, பரணில் கிடந்த பழைய லேப்டாப்களைத் தூசி தட்டி எடுத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரக் கேட்டு பாளையங்கோட்டையிலுள்ள என் கடைக்கு வருவோர் கூடியிருக்கிறார்கள். வீட்டிலேயே முயன்று, பென்டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை, அதாவது கணினி தொடங்கவில்லை என்றதும் இயந்திரமே போய்விட்டதாகப் பலர் எண்ணிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "எடைக்குப் போட்ருங்கன்னு சொல்லிட்டாவ தம்பி, இதுக்குள்ள பேத்தி காதுகுத்துப் படமெல்லாம் கெடக்கு" என்றபடி பென்டியம் எம் என்ற பழைய 32-பிட் பிராசசர் கொண்ட லேப்டாப் ஒன்றை மேசையில் வைத்தார். எதிலிருந்து தொடங்கலாம் என்று காட்டும் பூட் மெனுவில் ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், நெட்வொர்க் என்று மூன்றே வரிகள். யூஎஸ்பி என்ற சொல்லே இல்லை. இத்தகைய கணினிக்கு பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு மென்பொருளைச் சிடியில் எழுதி அதிலிருந்து தொடங்கினால், கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரலான பயாஸ் அறியாத பென்டிரைவை அது படித்துக் கொடுக்கும். ஆனால் இதன் சிடி டிரைவோ, லென்ஸைத் துடைத்த பின்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. நெட்வொர்க் பூட்டுக்கு இன்னொரு கணினியைச் சர்வராக அமைக்க வேண்டும் என்பதால், ஹார்டு டிஸ்கையே கழற்றி, பழைய ஐடிஇ வகை டிஸ்குகளை இணைக்கும் அடாப்டர் வழியாகக் கடைக் கணினியில் இணைத்தேன்.

முதலில் செய்தது படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்ததுதான். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் அழிக்கப்படும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் யாரும் இந்த வேலையில் கைவைக்கக் கூடாது. அடுத்து, கடைக் கணினியின் சொந்த டிஸ்கைக் கழற்றிவிட்டேன். இல்லையென்றால் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரான கிரப் தவறான டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கடைக் கணினியில் இன்ஸ்டாலரை, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கினால், பூட்லோடர் தனியானதொரு இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போய்விடும். பழைய பயாஸ் தேடுவதோ டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கும் 512 பைட்டுகளை. எனவே பழைய பயாஸ் வழியான லெகசி முறையில்தான் தொடங்க வேண்டும். கடைக் கணினி 64-பிட் என்பதால் 64-பிட் லினக்ஸ் தடையின்றி ஏறிவிடும், ஆனால் பழைய 32-பிட் பிராசசரில் அது ஓடவே ஓடாது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. பென்டியம் எம்-இன் சில வகைகள், பல 32-பிட் லினக்ஸ்கள் கேட்கும் பிஏஇ என்ற நினைவக வசதி இருப்பதாகவும் காட்டுவதில்லை. ஆகவே டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸின் 32-பிட் பதிப்பைத் தேர்ந்தேன்.

டிஸ்கைத் திரும்ப மாட்டி பவர் பட்டனை அழுத்தியதும் கிரப் பட்டியல் வந்தது. யூடியூப் அதில் திக்கித் திணறும் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் கொடுத்தேன். ஆசிரியர் முதலில் திறந்தது, நகலிலிருந்து திரும்பப் போட்டுத் தந்த காதுகுத்துப் படங்களை. அடுத்து லிப்ரே ஆபீஸில் தம் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து பார்த்தார்.