வலிக்காம கடிக்கிற விஷ மீனு: கோரைப்பல் பிளென்னி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்ல வளர்ந்தவங்களுக்கு விஷம்னா மொதல்ல ஞாபகம் வர்றது செம்பனை மரத்தடி நாகப்பாம்புதான். நான் சொல்ல வர்றது ஹால்ல உப்புத்தண்ணி தொட்டியில வளர்க்கிற விரல் நீள மீனு. பிளென்னிங்கிற சின்னக் கடல் மீனுல மெயாகாந்தஸ்னு ஒரு வகை, மூஞ்சப் பாத்தா அப்பாவி, ஆனா கீழ்த்தாடையில ரெண்டு வளைஞ்ச கோரைப்பல்லு, பல்லுக்கு அடியில விஷச்சுரப்பி.

பாம்புக்கு மேல்தாடையில இருக்கிறது இதுக்கு கீழ்த்தாடையில. பல்லுல ஒரு பள்ளம் ஓடுது, விஷம் அது வழியாத்தான் கடிச்ச எடத்துக்குள்ள எறங்கும். இரை பிடிக்கிறதுக்கு இல்லீங்க இது, தப்பிக்கிறதுக்கு. பெரிய மீனு இத கவ்வுனா வாய்க்குள்ள இருந்தே ஒரு கடி, அவ்ளோதான், கவ்வுன மீனுக்கு தல நடுங்கி வாயும் செவுளும் விரிஞ்சுக்கும், நம்ம ஆளு பாட்டுக்கு வெளிய வந்துருவாரு.

செம்பிலாங், அதான் கெளுத்தி மாதிரி இருக்கிற கடல் மீனு, அது முள்ளு குத்துனவங்களுக்குத் தெரியும் மீனு விஷம்னா என்ன வலின்னு. பிளென்னி விஷம் அப்படி இல்ல. 2017ல இங்கிலாந்து லிவர்பூல்ல இருந்து நிக்கலஸ் கேஸ்வெல், ஆஸ்திரேலியா குவீன்ஸ்லாந்துல இருந்து பிரையன் ஃப்ரை, இந்த விஷ ஆராய்ச்சியாளருங்க குழு சோதிச்சப்ப எலிகளுக்கு வலிச்ச மாதிரியே தெரியல, ஆனா ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட 40 சதவீதம் எறங்கிருச்சு. காரணம்னு அவங்க நெனைக்கிறது விஷத்துல இருக்கிற என்கெஃபலின், வலி மருந்து மார்ஃபின் போய் ஒட்டுற அதே ஏற்பிகள்ல போய் ஒட்டுற சரக்கு. கூடவே ரத்த அழுத்தத்த எறக்கக்கூடிய நியூரோபெப்டைட் ஒய், வீக்கத்த உண்டாக்குற பாஸ்ஃபோலிபேஸ். கவ்வுன மீனுக்கு தலை சுத்தி தெம்பு போயிரும்னு அவங்க கணிப்பு.

இன்னொண்ணு, பல்லு மொதல்ல வந்துச்சு, விஷம் பிறகுதான். ப்ளாஜியோட்ரெமஸ்னு சொந்தக்கார வகைக்கு பல்லு இருக்கு, விஷம் இல்ல, ஆனா மெயாகாந்தஸ் கலர்லயே வேஷம் போட்டுக்கிட்டு வந்து மத்த மீனோட செதிலயும் துடுப்பயும் பிச்சுத் திங்கும். கடையில வாங்குறப்ப இத கவனிங்க: வாய் மூக்குக்கு அடியில ஒளிஞ்சிருந்தா அது அந்தத் திருடன், காசு மிச்சம்னு தூக்கிட்டு வராதீங்க.

அசல் மெயாகாந்தஸ் சாதுவான மீனு. காத்துப்பை இருக்கிறதால மத்த பிளென்னி மாதிரி பாறையிலயே ஒட்டிக் கெடக்காது, நடுத்தண்ணியில நிக்கும், பாக்க அழகா இருக்கும். ஒரே வகையில ரெண்டு ஆண விட்டா சண்டைதான், அதனால ஒண்ணு போதும். உறைஞ்ச மைசிஸ் எறால் போட்டா நல்லா சாப்பிடும்.

நம்ம ஊர்ல பெரிய தலைவலி சூடு. தகரக் கூரை வீட்டுல மத்தியானம் தண்ணி 30 டிகிரிய தாண்டிரும், 25ல இருந்து 27 வரைக்கும் இருந்தா நல்லது. தண்ணியக் குளுமையாக்குற மெஷினு, சில்லர், வெல அதிகம், சின்ன ஃபேன் ஒண்ண தண்ணி மேல அடிக்க விட்டா ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஆனா ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு மட்டும் அங்கயே நிக்கும், உப்புத்தன்மை (தண்ணியோட அடர்த்திய வச்சு அளக்கிறது) 1.025ல இருந்து மெல்ல ஏறும், அதனால கொறஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்தக் கூடாது. இத மாத்திச் செஞ்சிதான் நெறைய பேரு மீன சாவடிக்கிறாங்க.

மூடி கண்டிப்பா வேணும், இது குதிக்கிற சாதி. வலை மூடியா இருந்தா ஃபேன் காத்தும் உள்ள போகும். தொட்டிக்குள்ள கைய விட்டாலும் தானா வந்து கடிக்காது, ஆனா பிடிக்கணும்னா வெறுங்கையால அமுக்காதீங்க, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல மொண்டு எடுத்துக்கிட்டா போதும்.