முதல் படியிலேயே தங்கிவிடும் பெண்கள்: அப்ரேசலுக்கு முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் பல நிறுவனங்களுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதை ஒட்டி, ஊழியரின் வருட வேலையை மதிப்பிடும் அப்ரேசல் படிவங்களும் மேசைக்கு வந்துவிடும். பதவி உயர்வில் ஆண் பெண் வேறுபாடு என்றதும் பணிப்பாளர் சபையில் எத்தனை பெண்கள் என்றுதான் எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் எக்சிகியூட்டிவாக இருப்பவர் முதன்முறை மனேஜராகும் அந்த இடத்திலேயே பெண்கள் பின்தங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்க நிறுவனங்களை வருடாவருடம் ஆராயும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை 2024இல் சொன்ன கணக்கின்படி, 100 ஆண்கள் அந்தப் படியில் ஏறும்போது 81 பெண்களே ஏறுகிறார்கள். கீழே விட்டதை மேலே போய்ப் பிடிப்பது கடினம்.

படிவத்தில் இரண்டு பகுதிகளைக் கவனியுங்கள். ஒன்று, இந்த வருடம் செய்த வேலை. மற்றது, இனிமேல் செய்யக்கூடிய ஆற்றல். முதலாவதற்கு இலக்கு, தொகை, திகதி என்று சான்று உண்டு. இரண்டாவதில் மேலதிகாரியின் ஊகம் நுழைந்துவிடுகிறது. வட அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றில் ஏறத்தாழ 30,000 ஊழியரின் பதிவுகளை பென்சன், லீ, ஷூ என்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது, பெண்களுக்கு வேலைக்கான புள்ளி ஆண்களைவிடக் கூடுதலாகவும் ஆற்றலுக்கான புள்ளி குறைவாகவும் இருந்தது. நம் ஊரில் அந்த ஊகத்துக்கு வேறு உருவம்: “கனடாவில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், இருப்பாரோ தெரியாது.” இதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. ஐந்துக்கு மூன்று என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆற்றலுக்குப் புள்ளி போடும் மனேஜர் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு சம்பவத்தையாவது எழுத வேண்டும் என்று மனிதவளப் பிரிவு கட்டாயப்படுத்தினால், இந்த ஊகம் ஒளிந்திருக்க இடமிருக்காது.

மிகக் கூடுதலாகத் தவறு நடப்பது மகப்பேற்று விடுமுறை எடுத்த வருடத்தில்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையென்றாலும் 84 நாள் விடுமுறை உண்டு. வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி) நாள், சட்ட விடுமுறைகள் இதில் சேராததால் நாட்காட்டியில் அது ஏறத்தாழ நான்கு மாதமாகிறது. அப்படியென்றால் விடுமுறை எடுத்தவர் வேலை செய்தது எட்டு மாதம். ஆண்டு விற்பனை இலக்கு 120 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். அவர் எட்டு மாதத்தில் 76 இலட்சம் செய்திருக்கிறார். முழு இலக்கோடு ஒப்பிட்டால் 63 வீதம், “எதிர்பார்ப்புக்குக் கீழே”. எட்டு மாதத்துக்குரிய 80 இலட்சத்தோடு ஒப்பிட்டால் 95 வீதம். ஒரே மனுஷி, ஒரே உழைப்பு. இலக்கை மாதக் கணக்கில் குறைத்து எழுதிய கடிதத்தை விடுமுறைக்குப் போகும் முன்பே கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் சலுகை கேட்பதாகவே பார்ப்பார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் யார் பொறுப்பில் இருப்பார்கள், எந்தத் திகதியில் திரும்பக் கிடைப்பார்கள் என்பதும் அதே கடிதத்தில் இருக்கட்டும். பலர் இழப்பது இந்த வாடிக்கையாளர்களைத்தான்.

அடுத்தது, புள்ளி கிடைக்காத வேலைகள். கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் கேக்குக்குக் காசு சேர்ப்பது, வெசாக் தன்சலுக்குப் பட்டியல் போடுவது, வாணி விழாவுக்கு அவல் கடலை ஒழுங்கு செய்வது, வருடாந்த ட்ரிப்புக்கு பஸ் பிடிப்பது. 2017இல் வெளியான பாப்கொக் குழுவினரின் பரிசோதனையில், இப்படியான வேலைக்கான வேண்டுகோள் ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 வீதம் கூடுதலாகப் போனது. பெண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் வேலை ஒரே அளவில்தான் நடந்தது. ஆண்களுக்கு இயலாது என்பதல்ல, யாராவது ஒரு பெண் செய்வார் என்ற எதிர்பார்ப்புத்தான் காரணம். “நான் செய்யமாட்டேன்” என்று சொன்னால் கெட்ட பெயர் வரும், உண்மைதான். “இந்த மாதம் நான், அடுத்த மாதம் யார்?” என்று கூட்டத்திலேயே கேட்டு, பெயர்களைச் சுழற்சியில் எழுதிவிடுங்கள்.

வருடம் முழுவதும் ஒரு கொப்பியில் மாதத்துக்கு மூன்று வரி எழுதி வாருங்கள். “முறைப்பாடுகளைக் கையாண்டேன்” என்பது போதாது. “நிலுவையில் இருந்த 40 முறைப்பாடுகளை மூன்று வாரத்தில் 6 ஆக்கினேன்” என்பதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அப்ரேசல் அறையில் நன்றி சொல்லி எழும்பாமல், அடுத்த தரத்துக்கு என்னிடம் இன்னும் என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் என்று கேளுங்கள். “இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கை வேண்டும்” என்று பதில் வந்தால், எந்தக் கூட்டத்தில், எதைச் செய்திருக்க வேண்டும் என்று மீண்டும் கேளுங்கள். அன்று மாலையே மின்னஞ்சலில் போடுங்கள்: “இன்று பேசியபடி, செப்டெம்பர் 30க்குள் நீங்கள் சொன்ன இரண்டு வேலைகளையும் முடித்தால் என் பெயர் பரிந்துரைக்கப்படும் என்று விளங்கிக்கொண்டேன். தவறிருந்தால் திருத்துங்கள்.” இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மடலை மனிதவளப் பிரிவுக்கும் பிரதியிட்டு அனுப்புங்கள்.